வேலியோரக் கழலைகள்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள், உரும்பிராய்

ஆனையிறவு தாண்டும்போது விழித்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் தண்ணீர், விடிந்தும் விடியாத சாம்பல் நிறம். திருகோணமலையில் ஏறியதிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டு வந்தார். எழுப்ப மனம் வரவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் இறங்கியபோது கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்பியது.

தைப்பொங்கலோடு சேர்த்து ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மாரி மழை முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதே தனி. செம்பாட்டு மண் இன்னும் ஈரம் காயவில்லை. வேலியெல்லாம் பச்சை. கிளுவைக் கதியால், பூவரசங் கதியால், அவற்றின் மேல் கொவ்வைக் கொடி ஏறிப் படர்ந்து, கதியால் எது கொடி எது என்று தெரியாத அளவுக்கு மூடிவிட்டிருந்தது.

பையை விறாந்தையில் வைத்துவிட்டு வேலியைப் பார்க்கப் போய்விட்டேன். கொவ்வைத் தண்டுகளில் இடைக்கிடை வீங்கிய இடங்கள். சுண்டுவிரல் பருமனில், நீள்வட்டமாக, தண்டின் அதே பச்சை நிறத்தில். ஒன்றைப் பிளந்தேன். உள்ளே சிறுசிறு அறைகள், அறைக்குள் செம்மஞ்சள் நிறத்தில் புழு.

"உது என்ன பிள்ளை, வந்ததும் வராததுமா வேலிக்கை நிக்கிறாய்? கொவ்வைக்கு நோய் பிடிச்சிட்டுது, விடு."

நோய் இல்லை, பெரியம்மா, வீடு என்றேன். கொசுவைவிடச் சிறிய ஈ ஒன்று இளந்தண்டில் முட்டையிடும். வெளிவந்த புழு தின்னத் தொடங்கியதும் அதைச் சுற்றி கொவ்வை தன் சொந்தச் சதையையே வளர்த்துக் கொடுக்கும். சுவரும் அதுதான், சாப்பாடும் அதுதான். செடி கட்டுகிறது, படம் கீறிக் கொடுப்பது பூச்சி. இதைத்தான் கழலை என்கிறோம். இப்படிக் கழலை உண்டாக்கும் பூச்சிகளில் சுமார் 13,000 வகைக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்காதவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

பெரியம்மா நம்பியதாகத் தெரியவில்லை. குசினிக்குள் கூட்டிப்போய், பேரப்பிள்ளைகளுக்கு நாக்கில் மா பிடித்தால் உரைத்துத் தடவ வைத்திருக்கும் மருந்துச் சரக்கு டின்னைத் திறக்கச் சொன்னேன். வசம்பு, சாதிக்காய், கடுக்காய், மாசிக்காய். மாசிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது எந்த மரத்துக் காய்?"

"மாசி மரமாக்கும்."

அப்படி ஒரு மரம் இல்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு ஓக் மரத்தின் குச்சியில் குளவி ஒன்று உண்டாக்கும் கழலைதான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காய் என்று சொல்லி உரைத்து வந்த மாசிக்காய். டின்னில் கிடந்த ஐந்தில் இரண்டில் குண்டூசி குத்தினதுபோல வட்டமான ஓட்டை. குளவி வெளியேறிய வாசல் அது. ஓட்டை விழுமுன் பறித்ததற்குத்தான் துவர்ப்பு கூட, விலையும் கூட. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுத்து மை செய்தது இதைக்கொண்டுதான்.

பெரியம்மா ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் பூச்சி வீட்டையோ குழந்தையளின்ரை நாக்கிலை பூசினனான்?" அதன் பிறகு ஒரு மணித்தியாலம் என்னோடு கதைக்கவில்லை.

மாலையில் பத்துப் பதினைந்து கொவ்வைக் கழலைகளை வெட்டி ஒரு ஜாம் போத்தலில் போட்டு, வாயை வேட்டித் துண்டால் கட்டி அலுமாரி மேல் வைத்தேன். என்ன வெளிவருகிறது பார்க்கலாம்.

இரண்டாம் நாள்

இன்று முழுக்க வேலிதான். வளவுக்கு இரண்டு பக்கம் ஒழுங்கை. கிழக்கு வேலியில் அண்ணா அடிக்கடி கொக்கச் சத்தகத்தால் ஆட்டுக்குக் குழை வெட்டுவார். தெற்கு வேலி வைரவர் கோயில் பக்கம். அதில் யாரும் கை வைப்பதில்லை. கொடி முற்றி, இலை சிறுத்து, மோட்டார் சைக்கிள் கிளப்பும் செம்மண் தூசு படிந்து, பார்க்கவே நோஞ்சானாக நிற்கும்.

எந்த வேலியில் கழலை கூட இருக்கும் என்று அண்ணாவின் மகளோடு பந்தயம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் விலங்கியல் படிப்பிக்கிறவள் என்ற மிதப்பில் தெற்கு வேலி என்றேன். இளைத்தவனுக்குத்தானே எல்லா வருத்தமும் வரும்? அவள் கிழக்கு என்றாள். காரணம் கேட்டால், "அங்கைதான் மாமி பச்சையா இருக்கு" என்றாள்.

பத்து மணிக்குள் தோற்றுவிட்டேன். கிழக்கு வேலியில் வெட்டின இடத்திலிருந்து கிளம்பிய கொழுத்த தளிர்த்தண்டுகளில் கணுவுக்குக் கணு வீக்கம். தெற்கில் தேடித்தேடி அங்கொன்று இங்கொன்று. வெட்டின பக்கம் தளிரே அதிகம், ஆகவே கழலையும் அதிகம், இதில் என்ன அதிசயம் என்று நானே எனக்குள் வாதாடினேன். ஒரே வேலியில் தடித்த தண்டையும் மெல்லிய தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினோம். தடித்ததில்தான் கூட. சரி, ஒப்புக்கொண்டேன். எண்ணின தண்டுகளில் அடையாளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள் மருமகள். பந்தயப் பணத்துக்கு ஐஸ்கிறீம்.

நான் சொன்ன காரணமும் அடியோடு பிழை இல்லை என்பதை அவளுக்குச் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன். வைட் என்ற ஆய்வாளர் 1969இல் ஆஸ்திரேலிய மரங்களில் சாறுறிஞ்சும் பூச்சிகள் திடீரென்று பெருகுவதைப் பார்த்து, தண்ணீர் இல்லாமல் வாடும் மரத்தின் சாற்றில் பூச்சிக்கு வேண்டிய நைதரசன் சத்து கூடுகிறது, அதனால்தான் பெருக்கம் என்றார். நலிந்த செடிதான் பூச்சிக்கு விருந்து என்ற கட்சி இது. 1991இல் பீட்டர் பிரைஸ் எதிர்க்கட்சி கட்டினார். அரிசோனாவில் வில்லோ மரங்களில் கழலை உண்டாக்கும் ஒரு பூச்சியை வருடக்கணக்காகக் கவனித்தவர் அவர். நீளமாக, வேகமாக வளரும் தண்டுகளையே தாய்ப்பூச்சி தேடிப்போய் முட்டையிடுகிறது, அங்கேதான் புழு பிழைக்கிறது என்று காட்டினார்.

கழலைப் பூச்சிகள் பெரும்பாலும் பிரைஸ் பக்கம் நிற்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இலை தின்னும் புழுவுக்கு முற்றிய இலையானாலும் பரவாயில்லை, கொஞ்சம் கூட மென்றால் போதும். கழலைக்காரனுக்கு அப்படி இல்லை. இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் இளங்கலங்கள்தான் அவன் சொல்லுக்குக் கேட்கும். முற்றிய தண்டுக்கு எதைச் சொன்னாலும் கேளாது. எங்கள் வகுப்பில் பத்தாம் ஆண்டுக்காரரும் சின்னப் பிள்ளைகளும் மாதிரி. அதோடு அந்த ஈக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அது பறக்கும் நாளில் தளிர் இருக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. மாரி மழை, ஆடு, அண்ணாவின் கொக்கச் சத்தகம் மூன்றும் சேர்ந்துதான் இந்த வேலியின் கழலைக் கணக்கை எழுதுகின்றன என்று தோன்றியது.

செடியும் சும்மா இருப்பதில்லை. வேறு சில செடிகளில், முட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள கலங்களைத் தாமே சாகடித்து, புழுவைப் பட்டினி போட்டுவிடும். இலையில் கடுகளவு கபிலப் புள்ளி மட்டும் மிஞ்சும். கழலைகளை எண்ணுகிற ஆட்கள் அந்தப் புள்ளிகளையும் எண்ணினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இன்னொன்று. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிரான்செஸ்கோ ரெடியின் இறைச்சிப் பரிசோதனை படிப்பிக்கிறேன். போத்தல் வாயை மூடினால் இறைச்சியில் புழு வராது, உயிர் தானாகத் தோன்றாது என்று 1668இல் நிறுவிய மனிதர். அதே ரெடி, கழலைக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரமே உண்டாக்குகிறது என்று நம்பினார்! 1679இல் மல்பீகிதான் அது பூச்சி இட்ட முட்டையிலிருந்து வருவது என்று எழுதினார். இதைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு ரெடியை இன்னும் பிடிக்கும்.

மூன்றாம் நாள்

மழை. தை மாதத்தில் இப்படி ஊற்றுமென்று யார் நினைத்தார்கள். மத்தியானம் விட்டதும் ஒழுங்கை முனையில் ஒரு கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் நடப் போனோம். கன்னிக்காலுக்கு முள்முருக்குத் தடி வேண்டும். நல்ல தடியாகத் தேடி மாப்பிள்ளையின் மாமன் இரண்டு நாள் அலைந்தாராம்.

"முந்தி எந்த வேலிக்குப் போனாலும் முருக்கு நிக்கும். இப்ப இலையெல்லாம் சுருண்டு, முடிச்சு முடிச்சா. வடிவில்லை" என்றார்.

கொண்டுவந்த தடியில் மிஞ்சியிருந்த தளிரைப் பார்த்தேன். இலைக்காம்பு தடித்து முறுக்கி, நரம்புகள் கட்டி தட்டி, பொடி ஓட்டைகள். முருக்குக் கழலைக் குளவியின் கைவேலைக்கு என்ன அடையாளம் சொல்வார்களோ எல்லாம் இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் நீளமேயான பூச்சி. சிங்கப்பூர், மொரீசியஸ், ரீயூனியன் பக்கமிருந்து கிடைத்தவற்றை வைத்து 2004இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த வருடமே ஹவாயில். அங்கே காட்டில் நிற்கும் முருக்கு இனமான விலிவிலி மரங்கள் தீவு தீவாகப் பட்டுப்போயின.

ஆபிரிக்காவில் இதே குளவி இருக்கிறது, மரங்கள் சாவதில்லை. அங்கே அதைத் தின்ன ஆள் இருக்கிறது. கப்பலிலோ விமானத்திலோ ஏறிய குளவி தன் எதிரிகளைக் கரையில் விட்டுவிட்டு வந்துவிட்டது. தன்சானியாவில் தேடிப்பிடித்த ஒரு ஒட்டுண்ணிக் குளவியை 2008 நவம்பரில் ஹவாயில் விட்டார்கள். கழலைக்குள் புகுந்து கழலைக்காரனையே தின்கிற சாதி. மரங்கள் மெல்ல மெல்ல மீண்டும் இலை விட்டன.

நான் இதைக் கலியாண வீட்டில் சொல்லவில்லை. கன்னிக்காலில் பூச்சி என்று யாராவது அபசகுனமாக எடுத்தால் பெரியம்மா என்னைப் பஸ் ஏற்றிவிடுவார். பலகாரம் சாப்பிட்டேன். பயித்தம்பணியாரம் அருமை.

நான்காம் நாள், நெடுந்தீவு

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம், அண்ணாவும் மருமகளும் நானும். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இருபுறமும் கடல். ஆழமில்லாத தண்ணீருக்குள் கண்ணா மரங்கள். பஸ் நின்ற ஒரு இடத்தில் கை எட்டிய கொப்பில் இலையெல்லாம் பொடிப்பொடிப் பரு. உப்புத் தண்ணீரில் நின்று, உப்பை இலை வழியே கக்கிக்கொண்டு பிழைக்கும் மரத்திலும் ஒருத்தன் வந்து வீடு கட்டிவிட்டான். பார்த்து முடிக்குமுன் பஸ் எடுத்துவிட்டது.

புங்குடுதீவுக்குப் புங்க மரத்தால் பெயர் வந்தது என்பார்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு புங்குகளைப் படகு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் இலைக்கு இலை விரல் நுனி போன்ற கழலைகள், இலை தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்ற மற்றது சுத்தம். இது பூச்சியின் வேலை இல்லை. சிற்றுண்ணி, அதுவும் வழக்கமான எட்டுக் கால் இல்லாமல் நான்கே காலுடன் புழுவைப் போல நீண்டது, மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. சிறகு கிடையாது, காற்று தூக்கிப்போகிற இடத்தில் விழவேண்டியதுதான். அப்படியானால் பக்கத்து மரம் எப்படித் தப்பியது? ஒரு கிழமை பிந்தித் தளிர்க்கிற மரமாக இருக்கலாம். பிறவியிலேயே வளைந்து கொடுக்காத மரமாகவும் இருக்கலாம். ஒரே இன மரங்களுக்குள்ளேயே மரத்துக்கு மரம் கழலை பல மடங்கு வித்தியாசப்படுவதற்குத் தளிர்க்கும் நாளும் பரம்பரையும் பெரிய காரணங்கள்.

படகில் ஒரு மணி நேரம். மருமகள் சத்தி எடுத்தாள், பாவம். இறங்கியதும் ஒரு ஓட்டோ பிடித்து, பவளக்கல் அடுக்கிய மதில்களுக்கிடையே சுற்றினோம். குதிரைகளைத் தூரத்தில் கண்டோம். பெருக்க மரத்தின் பொந்துக்குள் நின்று எல்லோரும் எடுக்கிற படத்தை நாங்களும் எடுத்தோம். நான் வந்தது ஆலமரத்துக்கு.

ஆலமரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, அது ஆலம்பழத்துக்கும் சரி. பழம் என்பது உள்பக்கமாக மடிந்த பூங்கொத்து. நுனித்துவாரத்தால் சிறகு கிழியக் கிழிய உள்ளே போகும் பெண் குளவி, நூற்றுக்கணக்கான பூக்களில் சிலவற்றில் முட்டையிடும், மற்றதற்கு மகரந்தம் கொடுக்கும். முட்டை விழுந்த பூ கழலையாகும், விழாதது விதையாகும். ஆலுக்கு இந்தக் குளவி இல்லாமல் விதை இல்லை, குளவிக்கு ஆல் இல்லாமல் குஞ்சு இல்லை. ஒரு பழத்தை விரித்து மருமகளிடம் கொடுத்தேன். சிறகில்லாத, மஞ்சளான ஆண் குளவி ஒன்று இன்னும் உயிரோடு ஊர்ந்தது. அதற்கு இந்தப் பழத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையே இல்லை என்றேன். "நெடுந்தீவிலை பிறந்து நெடுந்தீவிலையே இருக்கிற ஆக்கள் மாதிரியோ?" என்று கேட்டாள். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பேச்சை மாற்றினேன்.

கடல் நடுவே நிற்கும் மரத்துக்குக் குளவி எங்கிருந்து வருகிறது? காற்றில்தான். நமீப் பாலைவனத்தில் அத்தி இனக் குளவிகள் 160 கிலோமீற்றர் வரை போய் மகரந்தம் சேர்த்ததை மரங்களின் மரபணுவை வைத்து 2009இல் கண்டுபிடித்தார்கள். ஒரு மரத்துப் பழங்கள் ஒன்றாகப் பழுத்தாலும் ஊரிலுள்ள மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஆகவே எங்காவது ஒரு மரம் எப்போதும் வாசல் திறந்து வைத்திருக்கும்.

திரும்பும் படகில் ஒரு குழப்பம் தலையில் ஓடியது. வளமான தண்டில்தான் கழலை என்று இரண்டாம் நாள் எழுதினேன். ஆனால் 1988இல் பெர்னாண்டஸ் என்ற பிரேசில்காரரும் அதே பிரைஸும் அரிசோனாவிலும் பிரேசிலிலும் ஒப்பிட்டுப் பார்த்து, வறண்ட, வெப்பமான, சத்துக் குறைந்த நிலங்களில்தான் கழலை வகைகள் கூட என்று சொன்னார்கள். பிறகு உலகம் முழுக்கப் பார்த்ததில், பூமத்தியரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 25 முதல் 38 பாகை வரையுள்ள உலர்ந்த புதர்க்காடுகளில்தான் உச்சம். அப்படியென்றால் நோஞ்சான் நிலம், கொழுத்த தண்டா? முரண் மாதிரித் தெரிந்தாலும் இல்லை. அவர்கள் கேட்டது ஒரு நிலத்தில் எத்தனை வகை என்று. நான் வேலியில் கேட்டது ஒரு செடியில் எந்தத் தண்டு என்று. வறண்ட நிலத்தில் கழலைக்குள் இருக்கிறவனுக்கு ஈரமான சுவர் காப்பு. வெளியே பூஞ்சணமும் ஒட்டுண்ணியும் குறைவு. ஆனால் அந்த வறண்ட நிலத்துச் செடியிலும் மழைக்குக் குபீரென்று கிளம்பும் தண்டைத்தான் தாய்ப்பூச்சி தேடும். யாழ்ப்பாணம் அந்தப் பாகைக்குள் வராது. ஆனால் வருட மழையில் பெரும்பங்கு மூன்று மாதத்துக்குள் கொட்டி முடித்து, மிச்ச மாதமெல்லாம் வெயிலும் சுண்ணாம்புக் கல்லுமாகக் கிடக்கிற இடத்தில் இந்த இரண்டு கதையும் ஒரே வேலியில் நடக்கும்.

ஐந்தாம் நாள்

போத்தலில் ஆள் வந்துவிட்டது. காலையில் பெரியம்மாதான் கண்டார். "பிள்ளை, உன்ரை வீட்டுக்காரர் வெளிக்கிட்டிட்டினம்."

மெல்லிய கால்களுடன் கொசுச் சாயலில் ஈக்கள் மூன்று. அவற்றைவிடச் சிறிய, வெயிலில் காட்டினால் பச்சையாக மின்னும் குளவிகள் பதினொன்று. மருமகள் குளவிகளைத்தான் வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்தாள். இல்லை, அவை வீட்டுக்காரரைத் தின்றுவிட்டு வந்தவை. கழலைச் சுவரில் ஊசி போன்ற முட்டைக்குழாயை இறக்கி, உள்ளே இருக்கும் புழுவின் மேல் முட்டையிடும் இனம். முந்தாநாள் ஹவாய்க் கதையில் வந்ததுபோல் ஒன்று இங்கே அலுமாரி மேலேயே நடந்திருக்கிறது.

வேலியில் கழலையை எண்ணினால் மட்டும் பூச்சியை எண்ணியதாகாது என்பது உறைத்தது. அத்தனை வீக்கத்திலும் எத்தனையில் ஈ மிஞ்சியிருக்கும்? அமெரிக்காவில் ஒரு காட்டுச்செடியின் தண்டுக் கழலையைப் பல வருடம் படித்திருக்கிறார்கள். சிறிய கழலையின் மெல்லிய சுவரை ஒட்டுண்ணிக் குளவி எளிதாகத் துளைக்கும். பெரிய கழலைக்குள் ஊசி எட்டாது. ஆனால் அங்கத்தைக் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்ததும் பெரிய கழலை மரங்கொத்தியின் கண்ணில் படும், கொத்தித் தின்றுவிடும். சின்ன வீட்டுக்குக் குளவி, பெரிய வீட்டுக்குக் குருவி. நடுத்தரம்தான் பிழைக்கிறது.

என் போத்தலில் தடித்த கழலை எது, மெல்லியது எது என்று பிரித்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டது மடத்தனம். பிள்ளைகளுக்கு 'மாறிகளைப் பிரி, பிரி' என்று வாய் வலிக்கச் சொல்கிறவளின் இலட்சணம் இது. நாளைக் காலை நூல் கட்டிய தண்டுகளிலிருந்து தடித்தது பத்து, மெல்லியது பத்து, இரண்டு போத்தலில் எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போவதாகத் திட்டம்.

ஆறாம் நாள்

ஆறு மணிக்குக் கத்தரிக்கோலும் போத்தல்களுமாகக் கிழக்கு வேலிக்குப் போனேன். வேலி மொட்டை.

அண்ணா கொட்டிலில் நின்றார். பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட நேரமாகும் என்று விடியப்புறமே குழை வெட்டிப் போட்டுவிட்டாராம். ஆடு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் கிளுவைக் காம்புகளும், ஈரமாக மென்று துப்பிய நாலைந்து சிவப்புக் கம்பளி நூலும் கிடந்தன.

"என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி? ஒரு மாசம் பொறு, இன்னும் கொழுத்தாத் தளிர்க்கும்" என்றார் அண்ணா.

மருமகள் எண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், நூலுக்குப் பதில் பெயின்ற் பூசட்டுமா என்று கேட்டாள். பெரியம்மா புட்டுக் கட்டிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது, அந்த ஜாம் போத்தலைக் கழுவினால் எலுமிச்சை ஊறுகாய் போடலாமா என்று கேட்டார். சுடுதண்ணியில் இரண்டு தரம் கழுவச் சொன்னேன்.